சத்திரத்தில் குடியேறிய சித்திரக்காரர்



வீடில்லாதவனுக்கு ஒரு கூரை கிடைத்துவிட்டால் போதும் என்று நாம் எண்ணுகிறோம். போலந்து நாட்டு அர்ச்சியசிஷ்ட சகோதரர் ஆல்பர்ட்டின் ஜீவிய சரித்திரத்தை அறிந்தால் அப்படி எண்ணமாட்டீர்கள்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் இட்ட பெயர் ஆதாம். 1845-ம் ஆண்டு கிராக்கோவ் நகருக்கு அருகில் பிரபு குலத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையையும் தாயையும் இழந்தார். 1863-ல் ருஷிய ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சியில் சேர்ந்து காயப்பட்டு, 18 வயதில் ஒரு காலைப் பறிகொடுத்தார். பிறகு மியூனிக் நகரில் சித்திரம் பயின்று நல்ல பெயர் எடுத்தார். 1880-ல் துறவியாக விரும்பி சேசு சபையில் சேர்ந்தார். ஆறு மாதத்துக்குள் மனநோய் கண்டது. சபையை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. கடைசியில் அவருடைய தம்பி தம் வீட்டுக்கு அழைத்துப்போய் வைத்துக்கொண்டார். அந்த வீட்டில்தான் அவர் சுகமடைந்தார். இதை நினைவில் வையுங்கள்.

1884-ல் கிராக்கோவுக்கு வந்தார். அங்கே வீடற்றவர்கள் குளிர்காய்ந்து இரவைக் கழிக்க நகரசபை ஒரு சத்திரம் வைத்திருந்தது. ஆதாம் உள்ளே போய்ப் பார்த்தார். எங்கும் நெருக்கடி, அழுக்கு, குடி, சண்டை. தலைக்கு மேல் கூரை இருந்தது. ஆனால் வா என்று அழைப்பாரும், சாப்பிட்டாயா என்று கேட்பாரும் இல்லை.

வேறொருவர் காசு கொடுத்துவிட்டுப் போயிருப்பார். எட்டி நின்று தர்மம் செய்தால் இவர்கள் எழுந்திருக்கமாட்டார்கள், இவர்களோடு வாழ வேண்டும் என்று ஆதாம் துணிந்தார். 1887-ல் சாம்பல் நிற அங்கி தரித்து ஆல்பர்ட் என்னும் பெயர் பூண்டார். மறு ஆண்டு நகரசபையோடு உடன்படிக்கை செய்து, சத்திரத்தின் பொறுப்பை ஏற்று, அங்கேயே குடியேறினார்.

வந்தவன் எந்த மதம், எந்த ஜாதி என்று அவர் பார்க்கவில்லை. உணவும் படுக்கையும் கொடுத்தார். அதோடு நிறுத்தவில்லை, பட்டறைகள் வைத்து, உடம்பில் பலமுள்ளவர்களுக்கு வேலையும் கொடுத்தார். பிச்சை எடுத்துப் பழகிய கை உழைத்துச் சம்பாதித்தபோது மானம் திரும்பியது. சத்திரத்தின் செலவுக்குத் தம் சித்திரங்களை விற்றார். தாமே தெருவில் இறங்கித் தர்மம் கேட்டார். அவரைப் பின்பற்றிச் சகோதரர்கள் சேர்ந்தார்கள். 1891-ல் கன்னியர் சபையும் உண்டாயிற்று. முள்முடி தரித்த நமது ஆண்டவரின் திருமுகத்தை அவர் முன்பு பல ஆண்டுகள் பாடுபட்டு வரைந்திருந்தார். அந்த முகத்தையே சத்திரத்து மனிதரிடம் கண்டார்.

1916-ம் ஆண்டு கர்த்தர் பிறந்த திருநாளன்று, தம் ஏழைகளின் சத்திரத்திலேயே உயிர்விட்டார். முன்னாளில் கிராக்கோவின் அதிமேற்றிராணியாராய் இருந்த பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1989-ல் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

இப்போது அந்தத் தம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று அவர் கதவைச் சாத்தியிருந்தால், வீடற்ற எத்தனையோ பேருக்குக் கதவு திறந்திராது. நம் குடும்பங்களிலும் குடியினாலோ மனநோயினாலோ வெளியே போனவர்கள் உண்டு; அவர்கள் பெயரைச் சொல்லவும் வெட்கப்படுகிறோம். ஞாயிறு பூசைக்கு வரும்போது கோவில் வாசலில் இருப்பவனுக்குக் காசு போடுகிறீர்கள்; நல்லது. நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் இன்று எந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறான் என்று விசாரியுங்கள். கண்டால் அழைத்து வாருங்கள். வந்தவனோடு பொறுமையாய் வாழுங்கள்.