அலமாரியைத் திறந்துவிட்ட கணக்கு ஆசிரியர்

1924 ஜனவரி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழி ராமாமிருதம் ரங்கநாதனுக்கு அந்த வேலை சில நாட்களிலேயே கசந்துவிட்டது. மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர் அவர். வகுப்பு நிறைய மாணவர்களோடு பேசிப் பழகியவருக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத நூலகத்தில் நாள் முழுக்கத் தனியே உட்கார்ந்திருப்பது தண்டனையாகவே இருந்தது. ஏறக்குறைய 900 பேர் போட்டியிட்ட பதவி அது. அதை விட்டுவிட்டுப் பழைய வேலைக்கே திரும்ப அனுமதி கேட்டுக் கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார்.

முதல்வர் மறுக்கவில்லை. லண்டனுக்குப் போய் நூலகப் படிப்பை முடித்து வா, அதன் பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தார். அந்தப் பயணம்தான் அவரை மாற்றியது.

இங்கிலாந்தில் நூறுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். தொழிலாளர்களும் பெண்களும் குழந்தைகளும் உள்ளே வந்து, வேண்டிய புத்தகத்தைத் தாங்களே அலமாரியிலிருந்து எடுத்துப் புரட்டினார்கள். ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைக் கண்டார். சில துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் புதுப்புது பொம்மைகள் பிறந்தன. புத்தகங்களை வகைப்படுத்தவும் இதே வழி உதவுமே என்று தோன்றியது. கோலன் பகுப்பு முறைக்கு வித்து அதுதான். 1925இல் ஊர் திரும்பும்போது கப்பலில் இருந்த நூலகத்தையே அந்த முறைப்படி அடுக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார். கல்லூரி வேலை பற்றிய பேச்சு அதன் பிறகு எழவே இல்லை.

அந்தக் காலத்து நூலகம் பெரும்பாலும் பூட்டிய பெட்டிதான். வாசகர் சீட்டில் புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும், ஊழியர் உள்ளே போய்த் தேடி எடுத்து வருவார். பெயரே தெரியாத புத்தகத்தை எப்படிக் கேட்பது? ரங்கநாதன் அலமாரிகளைத் திறந்துவிட்டார். புத்தகம் களவு போகும் என்ற அச்சம் எங்கும் இருந்தது. ஒன்றிரண்டு தொலைவதைவிட, ஆயிரம் புத்தகம் படிக்கப்படாமல் கிடப்பதே பெரிய நட்டம் என்பது அவருடைய கணக்கு. கணக்கு ஆசிரியர் அல்லவா!

1931இல் வெளியான நூலக அறிவியலின் ஐந்து விதிகள் என்ற நூலில் மூன்றாவது விதி, ஒவ்வொரு புத்தகத்திற்கும் அதற்குரிய வாசகர் என்பது. வாசகருக்குப் புத்தகம் தேடுவதை எல்லாரும் ஏற்றுக்கொள்வார்கள். புத்தகத்துக்காக வாசகரைத் தேடிப் போவது நூலகரின் கடமை என்று சொன்னதுதான் புதுமை. ஒரு பொருள் பற்றிய புத்தகங்கள் அக்கம்பக்கமாக இருக்க வேண்டும். ஒன்றைத் தேடி வருபவர் கண்ணில் இன்னொன்று பட வேண்டும். புதிதாக வந்தவை பார்வையில் இருக்க வேண்டும், நூலகம் தன்னைப் பற்றி ஊருக்குச் சொல்லிக்கொள்ளவும் வேண்டும். வியாபாரி கடையை ஊருக்கு வெளியே வைப்பதில்லையே, நூலகம் மட்டும் ஏன் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது அவர் வாதம். இன்று கல்லூரி நூலக வாசலில் புதிய வரவுகள் என்று எழுதி மேசை போட்டு, அட்டை தெரியும்படி புத்தகம் நிறுத்துகிறார்களே, அந்த வேலைக்குரிய நியாயம் இந்த மூன்றாம் விதியில் இருக்கிறது. மேசையை மூன்று மாதம் மாற்றாமல் தூசு படிய விடுவதற்கு மட்டும் அதில் இடம் இல்லை.

அதே 1931இல் மன்னார்குடியில் கனகசபை பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். அந்த முயற்சிக்கு ரங்கநாதன் துணை நின்றார். நூலகத்துக்கு வர முடியாதவரின் வாசலில் நூலகமே போய் நின்றது.

உழைப்பிலும் அவர் சாதாரண மனிதர் இல்லை. சென்னையில் இருந்த இருபது ஆண்டுகளும் விடுப்பே எடுக்கவில்லை என்பார்கள். திருமணம் முடிந்த அன்று பிற்பகலே நூலகத்தில் இருந்தாராம். மனைவி சாரதா என்ன நினைத்தாரோ!

பிறகு காசி, டெல்லி என்று பணி தொடர்ந்தது. 1948இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் பின்னணியில் அவருடைய பல ஆண்டு முயற்சி இருந்தது. 1957இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்குக் கொடுத்தார். நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்று அதில் உருவானது. அதற்கு மனைவியின் பெயரும் சேர்த்து வைக்கப்பட்டது.

1972 செப்டம்பர் 27ஆம் தேதி பெங்களூரில், எண்பதாவது வயதில் ரங்கநாதன் காலமானார். அவரது பிறந்த நாளாகக் கொள்ளப்படும் ஆகஸ்ட் 12ஐ இந்தியாவில் நூலகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். கல்லூரி நூலகங்கள் பலவற்றில் அன்று புத்தகக் கண்காட்சி வைப்பது வழக்கம்.