தன்னை மறைத்து உலகைக் காட்டியவர்: ஏ.கே. செட்டியார்

தகடூர் மண்ணுக்குப் பயணம் புதிதன்று. அதியமான் நெடுமான் அஞ்சியின் அவைக்கு அணியாய் விளங்கிய ஔவையார், அம்மன்னன் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூறு நமக்குக் காத்துத் தந்துள்ளது. பிற்காலத்தில், தொழுநோய் உடலை அரித்த நிலையிலும் ஊர் ஊராகச் சென்று விடுதலை உணர்வை ஊட்டிய சுப்பிரமணிய சிவா, இம்மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் தங்கி, 1925ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் அங்கேயே கண் மூடினார். ஒருவர் புரவலனுக்காகச் சென்றவர். மற்றவர் நாட்டுக்காகச் சென்றவர்.

இவ்விருவரிலும் வேறான ஒரு பயணியையும் தமிழகம் கண்டது. தூதும் இல்லை, ஆணையும் இல்லை. காண வேண்டும், கற்க வேண்டும் என்னும் வேட்கை ஒன்றே துணை. கையிலிருந்த பத்திரிகை அலுவலை விட்டெழுந்து, நாடு நாடாகச் சென்று, கண்டவற்றை எளிய தமிழில் எழுதி வைத்தவர் அவர். தமிழ் மக்கள் அவரை உலகம் சுற்றும் தமிழன் என்றே அழைத்தனர். அவர்தாம் ஏ.கே. செட்டியார்.

பெட்டியடியும் பத்திரிகையும்

அ. கருப்பன் செட்டியார் 1911ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் செட்டிநாட்டைச் சேர்ந்த கோட்டையூரில் பிறந்தார். பள்ளிக் கல்வியை அவர் பெற்றது, அரூரைக் கடந்து கிழக்கே சென்றால் எட்டிவிடும் திருவண்ணாமலையில் ஆகும். இளமையிலேயே இதழ்களில் எழுதும் ஆர்வம் அவரைப் பற்றிக்கொண்டது.

அக்காலத்து நகரத்தார் இளைஞருக்குக் கடல் கடத்தல் அரிய செயலன்று. பருவம் வந்தவுடன் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ இலங்கைக்கோ கப்பலேறுவது குலவழக்கம். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்து, மேலாளாகி, குறித்த கணக்குக் காலம் முடிந்ததும் ஊர் திரும்புவர். சில மாதம் மனைவி மக்களோடு இருந்துவிட்டு மீண்டும் கப்பலேறுவர். இரங்கூனின் மொகல் தெருக் கிட்டங்கிகளில் வரிசையாகப் பெட்டகங்களை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தோர் கடலைக் கடந்தவர்கள்தாம். ஆயினும் பேரேட்டைக் கடந்தவர்கள் அவர்களுள் மிகச் சிலரே. ஐராவதிக் கழனிகளின் நெல்லும் வட்டியும் அவர்களது உலகின் எல்லையாயின.

செட்டியாரும் பர்மாவுக்குச் சென்றார். ஆனால் பெட்டியடியில் அமரவில்லை. நகரத்தாருக்கென வெளிவந்த தனவணிகன் என்னும் இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். இருபதுகளின் தொடக்கத்திலேயே ஓர் இதழின் ஆசிரியர் என்னும் மதிப்பு, சமூகத்தின் ஆதரவு, பழகிய மனிதர்கள். அங்கேயே இருந்திருப்பாராயின் நல்வாழ்வு வாய்த்திருக்கும். ஆனால் அவர் அந்த மேசையை விட்டு எழுந்தார்.

ஒளிப்படக் கலை தேடி

அவர் முதலில் சென்ற நாடு ஜப்பான். டோக்கியோவில் ஒளிப்படக் கலை பயின்றார். மேற்படிப்பென்றால் இலண்டன் என்றும், பட்டமென்றால் சட்டம் அல்லது மருத்துவம் என்றும் எண்ணப்பட்ட காலத்தில், கிழக்கு நோக்கிச் சென்று புகைப்படம் கற்க முனைந்த துணிவு வியக்கத்தக்கது. ஜப்பானிய மக்களின் வாழ்க்கையைக் கூர்ந்து நோக்கி, அந்நாட்டைப் பற்றித் தமிழில் நூலும் எழுதினார். பின்னர் அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் ஓராண்டுக் காலம் அக்கலையை மேலும் பயின்று, 1937இல் சான்றிதழ் பெற்றார்.

இக்காலத்தில் அலுவலகத்தில் விடுப்புப் பெற்று, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, பல நாடுகளைச் சுற்றிவரும் இளைஞர் பலராவர். பெங்களூரிலும் ஓசூரிலும் பணியாற்றும் தருமபுரிப் பிள்ளைகளுள்ளும் அத்தகையோர் உண்டு. விமானம் விரைவைத் தருகிறது, கைப்பேசி வழிகாட்டுகிறது. செட்டியார் காலத்துப் பயணமோ வாரக்கணக்கில் கடலில் கழிந்தது. செல்லும் நாடெங்கும் அடிமை நாட்டுக் குடிமகன் என்னும் முத்திரையும் உடன் வந்தது. இந்தியன் என்றால் யார் என்பதை ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒருவருக்கேனும் விளக்க வேண்டியிருந்தது. அவ்வாறு விளக்குவதற்கு அவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அப்பெயர் காந்தி என்பது.

ஒரு லட்சம் மைல்

1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள். நியூயார்க்கிலிருந்து டப்ளின் நகரை நோக்கி அட்லாண்டிக் கடலில் கப்பல் சென்றுகொண்டிருந்தது. காந்தியடிகளின் பிறந்தநாளான அன்று, அவரது வாழ்க்கையை ஆவணப் படமாக்க வேண்டும் என்னும் எண்ணம் செட்டியாரின் உள்ளத்தில் உதித்தது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது நிறையவில்லை. கையில் பெரும்பொருள் இல்லை. பின்னே எந்த நிறுவனமும் இல்லை. இந்தியாவில் ஆவணப் படம் என்னும் துறையே வேரூன்றாத காலம்.

காந்தியடிகளோ படத்துக்காக நின்று தோற்றங்காட்ட விரும்பாதவர். ஆகவே புதிதாகப் படம் பிடிப்பது மட்டும் போதாது. பல்லாண்டுகளாக வெவ்வேறு நாட்டினர் எடுத்துவைத்த காட்சிகளைத் தேடிப் பெறுதல் வேண்டும். செய்திப்பட நிறுவனங்களின் அறைகளிலும் தனி மனிதரின் பெட்டிகளிலும் அச்சுருள்கள் சிதறிக் கிடந்தன. இரண்டாம் உலகப் போர் மூளும் தறுவாயில் ஐரோப்பா கொதித்துக் கொண்டிருந்த அந்நாளில், செட்டியார் அவற்றைத் தேடிப் புறப்பட்டார். காந்தியடிகளின் அறப்போர் முளைவிட்ட தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றார். அங்கே அண்ணலுடன் பணியாற்றிய போலக்கைக் கண்டு பேசினார். சுவிட்சர்லாந்தில், காந்தியடிகளின் வரலாற்றை எழுதிய பிரெஞ்சுப் பேரறிஞர் ரொமெய்ன் ரோலந்தைச் சந்தித்தார். ஐரோப்பாவில் படத்தொழில் பயின்ற பி.வி. பதி அவருக்கு இத்துறையில் துணை நின்றார்.

அலைந்த தொலைவு ஏறத்தாழ ஒரு லட்சம் மைல். முப்பதாண்டுக் காலத்தில் நூறு படப்பிடிப்பாளர்கள் எடுத்த காட்சிகளிலிருந்து திரட்டிய படச்சுருளின் நீளம் ஏறத்தாழ 50,000 அடி. நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும் சுருளில் இது ஒன்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட காட்சியாகும். அதனைச் சுருக்கி ஏறத்தாழ 12,000 அடியாக, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மிகுந்த படமாக அமைத்தார். 1940ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் அது சென்னையில் வெளியிடப்பட்டது. பெருங்கவிஞன் எழுதியதைவிட எழுதியபின் நீக்கியது மிகுதி என்பர். ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை நீக்கத் துணிந்த செட்டியாரின் செயலும் அவ்வகைப்பட்டதே.

போர்க்காலம் அது. காங்கிரசு அமைச்சரவைகள் 1939இல் பதவி துறந்திருந்தன. ஆட்சியின் கெடுபிடி மிகுந்திருந்தது. படம் நெடுநாள் ஓட இயலவில்லை. பறிமுதலுக்கு அஞ்சிச் சுருள்களை மறைத்து வைக்கும் நிலையும் வந்தது. 1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்ற வேளையில் தில்லியில் அப்படம் காட்டப்பட்டது. பின்னர் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் உருவாகி 1953இல் வெளியாயிற்று.

நான் இல்லாத எழுத்து

செட்டியாரின் பயண நூல்கள் பல. உலகம் சுற்றும் தமிழன், பிரயாண நினைவுகள், மலேயா முதல் கனடா வரை, அமெரிக்க நாட்டிலே, கரிபியன் கடலும் கயானாவும், குடகு என்று அவை விரியும். 1973இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த உலகம் சுற்றும் வாலிபன் என்னும் திரைப்படம் தோன்றுவதற்குப் பல்லாண்டு முன்னரே, உலகம் சுற்றும் தமிழன் என்னும் தொடர் வாசகர் நாவில் வழங்கி வந்தது.

பயணம் எழுதுவோர்க்கு ஓர் இடர் உண்டு. கண்ட இடத்தைக் காட்டப் புகுந்து, கண்ட தம்மையே காட்டிவிடுவர். அருவியைப் பாடப் புகுந்தவன் அருவிக்கு முன்னே தான் நின்ற கோலத்தைப் பாடுவது போன்றது அது. செட்டியார் இவ்விடரை முற்றும் கடந்தவர். அவர் நூல்களில் வாக்கியங்கள் சிறியவை, அடைமொழிகள் அரியவை, நகைச்சுவை மெல்லியது. அரண்மனைகளையும் கோபுரங்களையும் விட, வழியில் எதிர்ப்பட்ட எளிய மனிதரே அவர் எழுத்தில் மிகுதியும் இடம் பெறுவர். தோட்டத் தொழிலுக்குக் கடல் கடந்து சென்று, தமிழை மறந்தும் மறவாமலும் வாழ்ந்த மக்களை அவர் தேடிச் சென்று கண்டார். அவர்களைப் பற்றி எழுதுகையில் இரக்கம் சொல்லில் வழிவதில்லை. சொல்லப்பட்ட செய்தியில் தங்கி நிற்கிறது.

எழுத்தில் மட்டுமன்றி வாழ்விலும் அவர் தம்மை மறைத்தே ஒழுகினார். ஒளிப்படக் கலையை இரு நாடுகளில் பயின்ற அவர், தம் படத்தை வெளியிட இசைந்ததில்லை எனலாம். பாராட்டுக் கூட்டங்களையும் அவர் நாடியதில்லை.

மீண்டும் ஒரு மேசை

பயணம் முடிந்து திரும்பியவர் என்ன செய்கிறார் என்பதில்தான் பயணத்தின் பயன் விளங்கும். செட்டியார் 1943இல் குமரி மலர் என்னும் மாத இதழைத் தொடங்கினார். தனவணிகன் மேசையை விட்டெழுந்தவர், உலகைச் சுற்றியபின் மீண்டும் ஒரு மேசையில் அமர்ந்தார். அதற்கு முந்திய ஆண்டில் இரங்கூன் ஜப்பானியர் வசமாகி, பர்மாத் தமிழர் வாழ்வு சிதறுண்டிருந்தது. அவர் விட்டு வந்த உலகமும் அதனோடு சிதைந்தது.

ஆனால் இம்முறை அமர்ந்தவர் வேறு மனிதர். உலகெங்கும் சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடிய அதே கண், இப்போது பழைய தமிழ் இதழ்களின் பழுப்பேறிய பக்கங்களைத் தேடியது. மறந்துபோன கட்டுரைகள், பாரதியாரைப் பற்றிய செய்திகள், முன்னோரின் வாழ்க்கைக் குறிப்புகள், சென்ற நூற்றாண்டுத் தமிழர் வாழ்வைக் காட்டும் ஆவணங்கள் ஆகியவற்றை அவர் திங்கள்தோறும் மறுபதிப்புச் செய்தார். தமிழ்நாட்டைப் பற்றிப் பலர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளைத் திரட்டி 1968இல் ஒரு பெருந்தொகுப்பாக வெளியிட்டார். உலகம் சுற்றியவர் தம் பயணங்களை அடுக்கிக் காட்டாமல், சொந்த நாட்டில் பிறர் செய்த பயணங்களைத் தொகுத்தது அவர் இயல்புக்கு ஏற்றதே. ஏறத்தாழ நாற்பதாண்டுகள் குமரி மலரை நடத்திய அவர், 1983ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் மறைந்தார்.

அடக்கம் கேட்ட விலை

அடக்கம் அமரருள் உய்க்கும் என்பது தமிழர் கொள்கை. ஆயினும் செட்டியாரின் வாழ்வில் அவ்வடக்கம் ஒரு விலையையும் கேட்டது. பிறர் எழுத்தை அழியாமல் காத்தவரின் படம் காப்பாரின்றிப் போயிற்று. அக்காலத்துப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றுவன. காற்றும் வெப்பமும் பட்டால் பொடிந்து போவன. உரிமை பேசவும் விளம்பரம் செய்யவும் அவர் முந்தாததால், ஒரு தமிழ் இளைஞன் உலகை வலம் வந்து உருவாக்கிய அப்படத்தைப் பார்த்திராத தலைமுறைகள் வளர்ந்தன. தமிழ் வடிவம் தேடுவோர்க்கு எட்டாமலே இருந்தது. அமெரிக்காவில் உருவான ஆங்கில வடிவத்தின் படிகளே பின்னாளில் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் கண்டெடுக்கப்பட்டன.

படம் எடுத்த வரலாற்றைச் செட்டியாரே குமரி மலரில் எழுதியிருந்தார். அவற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து, 2003இல் அண்ணல் அடிச்சுவட்டில் என்னும் நூலாக வெளிக்கொணர்ந்தார். படம் கைக்கெட்டாத வேளையில், படத்தைத் தேடி நடந்த கதை தமிழருக்குக் கிடைத்தது. பழைய இதழ்களில் புதைந்த எழுத்தை மீட்டவரின் எழுத்தும், அவ்வாறே ஒரு பழைய இதழிலிருந்து மீட்கப்பட்டது.

படைப்பாளன் தன்னை மறைக்கலாம். அது அவன் பெருமை. ஆனால் அவன் படைப்பைக் காப்பது அவனைச் சூழ்ந்த சமூகத்தின் கடன். இலக்கிய வட்டங்களும் ஆண்டு மலர்களும் நூலகங்களும் அக்கடனை ஆற்றுவதற்கே உள்ளன. பத்தாண்டு நிறைவு காணும் ஒரு வட்டத்துக்கு இதனினும் ஏற்ற நினைவூட்டல் வேறில்லை.

தருமபுரி மாவட்டம் தனி மாவட்டமாக மலர்ந்ததும் ஓர் அக்டோபர் 2ஆம் நாளே, ஆண்டு 1965. அந்நாள் ஆண்டுதோறும் வரும்போது, மாவட்டத்தின் பிறப்போடும் அண்ணலின் பிறப்போடும், அட்லாண்டிக் கப்பலின் தளத்தில் நின்று பெருங்கனவு ஒன்றைக் கண்ட அந்த இளைஞரையும் கவிஞர்கள் நினைவிற் கொள்ளலாம்.