கீர்த்தனையும் கிண்ணமும்: வேதநாயகம் சாஸ்திரியாரின் வாழ்வு எழுப்பும் வினா

தமிழ்ப் புராட்டஸ்டண்ட் திருச்சபைகளின் ஞாயிறு ஆராதனையில் பாடப்படும் பழைய கீர்த்தனைகளுள் கணிசமானவை ஒரே புலவரின் ஆக்கங்கள். அவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். சேரித் தெருவின் சிற்றாலயம் முதல் மாநகரப் பேராலயம் வரை இரு நூற்றாண்டுகளாக அவருடைய பாடல்கள் ஒலித்து வருகின்றன. எழுதப் படிக்க அறியாத நம் பாட்டிமார் அவற்றை மனப்பாடமாகப் பாடித் தம் துயரை ஆற்றிக்கொண்டனர். ஆனால் அப்பாட்டிமாரின் முன்னோர் தம்மோடு ஒரே வரிசையில் அமர்வதையும், ஒரே முறையில் திருவிருந்து பெறுவதையும் எதிர்த்து எழுத்தால் போராடியவர் அதே புலவர்தாம் என்பதைத் திருச்சபைகள் நமக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவ்வாழ்வை முழுமையாக அறிந்துகொள்வது, தலித் விடுதலை குறித்துச் சிந்திக்கும் நமக்கு இன்றியமையாதது.

முதலில் ஒரு தெளிவு. பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு. நாம் பேசும் சாஸ்திரியார் அவருக்கு இரு தலைமுறை முந்தியவர். 1774ஆம் ஆண்டு திருநெல்வேலியில் ஒரு வேளாளக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை அருணாசலம் பிள்ளை கிறித்தவம் தழுவித் தேவசகாயம் எனப் பெயர் கொண்டவர். செருமானிய மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயர் 1785இல் திருநெல்வேலிப் பகுதிக்கு வந்தபோது அச்சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கண்டு, தந்தையின் இசைவுடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். அங்கே சுவார்ட்சின் பாதுகாப்பில் இருந்த இளவரசர் சரபோஜிக்கும் வேதநாயகத்திற்கும் இளமைத் தோழமை ஏற்பட்டது. தரங்கம்பாடியில் இறையியல் பயின்று திரும்பிய வேதநாயகம், இருபது வயதை எட்டும் முன்னரே தஞ்சை மிஷன் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். வேதநூலோடு வானநூல், புவியியல் முதலிய புதிய அறிவுத் துறைகளும் அவருக்குக் கைவந்தன. இவ்வளவு வாய்ப்புகள் ஒருங்கே அமைந்த தமிழ் இளைஞர்கள் அக்காலத்தில் மிகச் சிலரே.

ஆயினும் தஞ்சையில் புராட்டஸ்டண்ட் கிறித்தவத்தின் தொடக்கம் வேளாளரிடம் இல்லை. சாஸ்திரியார் பிறப்பதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னரே, தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றிய ராஜநாயக்கன் என்ற பறையர் குலத்து வீரர், சீகன்பால்கின் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பைத் தாமே படித்துத் தரங்கம்பாடி மிஷனை நாடிச் சென்றார். பின்னர் உபதேசியாராகித் தஞ்சைப் பகுதியில் சபையை வளர்த்தார். 1733இல் வேளாளரான ஆரோன் குருப்பட்டம் பெற்று, இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் போதகர் ஆனார். ராஜநாயக்கனோ இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார். பறையர் ஒருவரின் கையால் திருவிருந்து பெற மேல்சாதிக் கிறித்தவர்கள் உடன்பட மாட்டார்கள் என்பதே மிஷனரிகளின் தயக்கத்திற்குக் காரணம். நற்செய்தி ஒரு தலித்தின் உழைப்பால் தஞ்சைக்கு வந்தது; நற்கருணைக் கிண்ணத்தை ஏந்தும் உரிமை மட்டும் அவருக்கு மறுக்கப்பட்டது. தேவாலயத்திற்குள் வேளாளர் ஒரு பக்கமும் பறையர் மறுபக்கமும் அமர்ந்தனர். திருவிருந்தில் முந்துவோரும் பிந்துவோரும் சாதியால் வகுக்கப்பட்டனர். தரங்கம்பாடியில் இரு கிண்ணங்கள் வைத்திருந்த காலமும் உண்டு. சுவார்ட்ஸ் முதலான மூத்த மிஷனரிகள் இவ்வழக்கத்தை விரும்பவில்லை எனினும் காலப்போக்கில் கரையும் எனப் பொறுத்துக்கொண்டனர். சாஸ்திரியார் வளர்ந்தது இந்தத் தேவாலயத்தில்தான்.

அவருடைய படைப்பாற்றலைக் குறைத்து மதிப்பிட நாம் முயலவில்லை. அது நேர்மையாகவும் இராது. செருமானிய ஞானப்பாட்டுகளை அந்நிய மெட்டிலேயே தமிழில் பாடிக்கொண்டிருந்த சபைக்கு, இராகமும் தாளமும் அமைந்த பதங்களையும் கீர்த்தனைகளையும் கொடுத்தவர் அவர். பெத்லகேம் குறவஞ்சி, ஞானத்தச்ச நாடகம், செபமாலை, பராபரன் மாலை, மூடப் பழக்கங்களைச் சாடும் சாஸ்திரக் கும்மி என அவர் கையாண்ட வடிவங்கள் பல. அரசவைக்குரியதாகவும் கோவிலுக்குரியதாகவும் இருந்த குறவஞ்சியையும், பெண்கள் கைகொட்டி ஆடும் கும்மியையும் ஒருங்கே வழிபாட்டின் மொழியாக்கினார். அவர் பாடல்களை எழுதி வைத்துவிட்டு ஒதுங்கியவரும் அல்லர். பாட்டும் விளக்கமுமாகச் சபையார் முன் நின்று வேதக் கதைகளை நிகழ்த்திக் காட்டினார். படிப்பறியா மக்களுக்கு வேதாகமம் செவிவழிச் சென்றடைந்தது இத்தகைய பாட்டினால்தான்.

பெத்லகேம் குறவஞ்சியைச் சற்று நின்று நோக்குவோம். சீயோன் மகளாகிய தேவமோகினி கிறித்துவின்மேல் காதல் கொண்டு வாடுகிறாள். அவளுக்குக் குறி சொல்ல வருபவள் ஞானச்சிங்கி என்னும் குறத்தி. அவள் விசுவாசத்தின் உருவகம். அவளைத் தேடி வரும் வேடன் ஞானச்சிங்கன், நற்செய்தி வலைவீசி ஆன்மாக்களைப் பிடிக்கும் உபதேசியாரின் உருவகம். கோப்பர்நிக்கசின் வானியலும் உலக நாடுகளின் புவியியலும் அந்நூலில் இடம்பெறுகின்றன. பூமியே சூரியனைச் சுற்றுகிறது என்ற புதிய உண்மையை ஏற்கும் துணிவு அப்புலவருக்கு இருந்தது. ஊருக்கு வெளியே வாழும் குறத்தியின் வாயில் விசுவாசத்தின் குரலை வைக்கும் கற்பனையும் இருந்தது. பாட்டுக்குள் குறத்தி தலைவியின் கையைப் பற்றிக் குறி சொல்லலாம். தேவாலயத்திற்குள் ஒரு பறையர் பெண் வேளாளப் பெண்ணின் அருகில் அமரலாகாது. இம்முரண் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. அடக்கப்பட்டோரைக் கலைக்குள் உருவகமாக வரவேற்று, வாழ்வில் விலக்கி நிறுத்தும் வழக்கம் இன்றும் நம் கண்முன் உள்ளதுதானே!

1820களில் மோதல் வெடித்தது. தஞ்சையில் ஹௌப்ரோ, தெற்கே ரேனியஸ் முதலான இளைய மிஷனரிகள், சாதி வேறுபாடு கிறித்தவத்திற்கு முற்றிலும் முரணானது எனக் கூறி, கலந்து அமரவும் ஒன்றாகத் திருவிருந்து பெறவும் வேண்டும் என வற்புறுத்தினர். அதே வேகத்தில், பண்டிகை நாளில் பூக்களைப் பயன்படுத்துவதையும், தமிழ் இசையோடு கூடிய கீர்த்தனைகளை ஆராதனையில் பாடுவதையும் புறச்சமய வழக்கம் என ஒதுக்கினர். சபை பழகியிருந்த பப்ரிசியசின் வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்தும் பணியையும் ரேனியஸ் மேற்கொண்டார். சாஸ்திரியாருக்கு இவை அனைத்தும் ஒரே அநீதியின் பல முகங்களாகத் தெரிந்தன. வேதாகமத்தை மாற்றுகிறார்கள், பாட்டை நிறுத்துகிறார்கள், பூவைத் தடுக்கிறார்கள், சாதியைக் கலக்கிறார்கள் என ஒரே மூச்சில் முறையிட்டார். சாதித் திருத்தம் மடமை என வாதிடும் நூலொன்றை 1829இல் எழுதினார். சாதி என்பது உலகியல் ஒழுக்கம், ஆன்ம மீட்போடு அதற்குத் தொடர்பில்லை என்பதே அவர் தரப்பின் அடிப்படை வாதம்.

நம் ஆய்வின் மையம் இங்கேதான் உள்ளது. தமிழ் இசையைக் காப்பது வேறு. சாதி வரிசையைக் காப்பது வேறு. முன்னது ஒரு மக்களின் பண்பாட்டு உரிமை. பின்னது அம்மக்களுள் ஒரு பகுதியினர் மற்றொரு பகுதியினர்மீது செலுத்தும் ஆதிக்கம். இவ்விரண்டையும் ஆசாரம் என்ற ஒரே துணியில் முடிந்து, ஒன்றைத் தொட்டால் மற்றொன்றும் அழியும் என்ற தோற்றத்தைச் சாஸ்திரியார் உருவாக்கினார். மிஷனரிகளும் எதிர்ப்புறத்திலிருந்து அதே பிழையைச் செய்தனர். சாதியை ஒழிக்க முனைந்தவர்கள் தமிழ்ப் பாட்டையும் சேர்த்து ஒழிக்க முயன்றதால், சாதிக் காவலர்களுக்குப் பண்பாட்டுக் காவலர் என்ற பெருமை எளிதில் கிட்டியது. இவ்வாதப் பிரதிவாதங்களில் தேவாலயத்தின் மறுபக்கத்தில் அமர்ந்திருந்தவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. வேளாளர் விண்ணப்பம் எழுதினர். மிஷனரிகள் அறிக்கை எழுதினர். யாருடைய இருக்கை பற்றி வழக்கோ, அவர்களுடைய குரல் மட்டும் அவ்வாவணங்களில் அரிதாகவே கேட்கிறது.

இவ்வழக்கு ஆங்கிலிக்கப் பேராயர்வரை சென்றது. 1826 மார்ச் 26 அன்று உயிர்த்த ஞாயிறு ஆராதனையைத் தஞ்சையில் நடத்திய ஹீபர் பேராயர், சாதிக் கிறித்தவர்களின் முறையீட்டைப் பரிவோடு அணுகினார். முடிவு காணுமுன், ஏப்ரல் 3 அன்று திருச்சிராப்பள்ளியில் குளித்துக்கொண்டிருந்தபோது இறந்தார். 1833இல் டேனியல் வில்சன் பேராயர் விடுத்த சுற்றுமடல் எவ்வித இணக்கத்திற்கும் இடம் தரவில்லை. சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முழுமையாகவும் கைவிட வேண்டும் என ஆணையிட்டது. வேப்பேரியிலும் தஞ்சையிலும் சாதிக் கிறித்தவர் பலர் சபையைவிட்டு வெளியேறினர். பிற்காலத்தில், சாதி குறித்து மென்மையான போக்கைக் கொண்ட லீப்சிக் லுத்தரன் மிஷன் அவர்களுள் பலருக்குப் புகலிடமாயிற்று. தாழ்த்தப்பட்டோரோடு ஒரே வரிசையில் அமர்வதைவிடச் சபையையே துறப்பது அவர்களுக்கு எளிதாக இருந்தது. சாதி வெறும் உலகியல் ஒழுக்கம் என்ற வாதத்தை மறுக்க இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

இக்காலத்தில் மிஷனோடு பிணக்குற்ற சாஸ்திரியாரை, மன்னராகிவிட்ட இளமைத் தோழர் சரபோஜி தம் அவைக்கு அழைத்து ஆதரித்தார். இந்துக் கடவுளைப் போற்றிப் பாடுமாறு மன்னர் கேட்டபோது, தாம் கிறித்துவைத் தவிர வேறெவரையும் பாடுவதில்லை எனப் புலவர் மறுத்துவிட்டார் என்ற செய்தி மரபாக வழங்கி வருகிறது. திருச்சபை மேடைகளில் விரும்பிச் சொல்லப்படும் கதை இது. அரசரின் தயவையும் இழக்கத் துணிந்த விசுவாசம் போற்றத்தக்கதே. ஆனால் அரசர் முன் வளையாத அவ்விசுவாசம், சொந்தச் சாதியின் முன் ஏன் வளைந்தது என்ற வினாவை எந்த மேடையும் எழுப்புவதில்லை. 1832இல் சரபோஜி மறைந்தார். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த சாஸ்திரியார், 1864 சனவரி 24 அன்று தஞ்சையில் காலமானார்.

அவர் வாழ்ந்த காலத்திலேயே வரலாறு ஒரு விடையைத் தந்தது. அமெரிக்க மதுரை மிஷன் சாதி விஷயத்தில் கண்டிப்பானது. 1847 முதல், தாழ்த்தப்பட்டோரோடு அமர்ந்து உண்ணும் பொதுவிருந்தில் பங்கேற்க மறுக்கும் ஊழியர்களுக்கு அங்கே இடமில்லை என்ற நிலை ஏற்பட்டது. அதே மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், 1853இல் தமிழ்க் கிறித்தவக் கீர்த்தனைத் தொகுப்பொன்றை வெளியிட்டார். அதில் பெரும்பங்கு வகித்தவை சாஸ்திரியாரின் பாடல்கள். சாதியை மறுத்த மிஷனே அவருடைய கீர்த்தனைகளை ஊர்தோறும் கொண்டு சென்றது. பாட்டை ஏற்றுச் சாதியைத் தள்ள முடியும் என்பது இதனால் மெய்ப்பிக்கப்பட்டது. ஆசாரம் என்ற முடிச்சு அவிழக்கூடியதே.

எனினும் அவ்விடை அரைகுறையானது. கீர்த்தனை எல்லாருக்கும் பொதுவானபோதும், கருநாடக இசையே புனிதமானது, பறையும் நாட்டுப்புற மெட்டும் தேவாலயத்திற்கு ஏற்றவை அல்ல என்ற எண்ணம் ஒரு நூற்றாண்டிற்கும் மேலாக நீடித்தது. நம் மக்களின் கருவி வாசலுக்கு வெளியே நின்றது. பிறர் இயற்றிய பாட்டைப் பாடும் வாய்கள் மட்டுமே உள்ளே அனுமதிக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதை உடைத்தவர், மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தலித் இறையியலாளர் தியோபிலஸ் அப்பாவு. பரட்டை என்ற பெயரால் அறியப்பட்ட அவர், கிராமிய மெட்டுகளைக் கொண்டு முழு ஆராதனை முறையையே இயற்றினார். பறை வழிபாட்டின் கருவியாயிற்று. பொதுவில் சமைத்துப் பகிர்ந்துண்ணும் ஒரே உலை என்ற கருத்து, அவருடைய இறையியலில் திருவிருந்தின் பொருளாயிற்று. 2005இல் அவர் மறைந்தபோது, ராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட உரிமையின் ஒரு பகுதியேனும் மீட்கப்பட்டிருந்தது.

ஆதலால் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் பாடலாகாது என நாம் சொல்லவில்லை. அவை இரு நூற்றாண்டுகளாக நம் மக்களின் கண்ணீராலும் நம்பிக்கையாலும் பொருள் பெற்றவை; இயற்றியவரைவிடப் பாடியவர்களுக்கே இன்று அவை உரியவை. நாம் கேட்பது மூன்று. வேதாகமப் பள்ளிகளிலும் இறையியல் கல்லூரிகளிலும் சாஸ்திரியாரின் வாழ்வைக் கற்பிக்கும்போது, 1829இல் அவர் எழுதிய நூலையும் மறைக்காமல் கற்பிக்க வேண்டும். தஞ்சைத் திருச்சபையின் வரலாற்றில் ராஜநாயக்கனின் பெயர் அவர் பெயருக்கு முன்னால் இடம்பெற வேண்டும். ஆராதனையில் பறையும் கிராமியப் பாட்டும் ஆண்டுக்கொருமுறை அரங்கேறும் காட்சிப் பொருளாக இராமல், ஞாயிறுதோறும் ஒலிக்க வேண்டும்.

சாதிக்கொரு கல்லறைத் தோட்டமும் சாதி பார்த்து நடக்கும் திருச்சபைத் தேர்தலும் இன்றும் தொடர்கின்றன. அவற்றைக் காப்பவர்களும் வழக்கம், மரபு என்ற சொற்களையே முன்வைக்கின்றனர். அச்சொற்கள் எழும் இடத்திலெல்லாம், எது மக்கள் அனைவரின் மரபு, எது ஒரு சாதியின் ஆதிக்கம் எனப் பிரித்துக் கேட்கும் பயிற்சியை இம்மனிதரின் வாழ்விலிருந்து மாணவர்கள் பெற வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.