கடிகார மேதை பிரெகே

மணி பார்க்க ஒரு கைக்கடிகாரம் வேண்டும் என்றால் சில நூறு ரூபாயில் வாங்கிவிடலாம். பேட்டரி போட்டது. மாதத்துக்குச் சில விநாடிதான் முன்னே பின்னே போகும். பல லட்சம் ரூபாய் விலையுள்ள கடிகாரங்களும் உண்டு. சாவி கொடுத்து ஓடும் அவை அந்த அளவு துல்லியமாகக்கூட ஓடுவதில்லை! அப்படியானால் அந்த விலை எதற்கு?

தங்கத்துக்கா, வைரத்துக்கா? அவற்றை எந்தக் கடிகாரத்தின் மேலும் பதிக்கலாம். உண்மையான வேறுபாடு மூடிக்குள்ளே இருக்கிறது. உயர்ந்த கடிகாரங்களின் உள்ளே உள்ள நுட்பங்களில் பல, 200 ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் நகரில் வாழ்ந்த ஒருவரின் கையில் பிறந்தவை. அவர் பெயர் ஆபிரகாம் லூயி பிரெகே.

தந்தையை இழந்த சிறுவன்

பிரெகே பிறந்தது 1747ஆம் ஆண்டு, இன்றைய சுவிட்சர்லாந்தில் உள்ள நூஷாடெல் என்ற ஊரில். 11 வயதில் தந்தை இறந்தார். தாய் மறுமணம் செய்துகொண்டார். இரண்டாவது கணவர் கடிகாரத் தொழில் செய்பவர். பள்ளிப் படிப்பில் நாட்டம் இல்லாத சிறுவனை அவர் தொழிலில் பழக்கினார்.

15 வயதில் பிழைப்புக்காக ஊரை விட்டுப் பிரான்சுக்கு வந்தான் பையன். வெர்சேல்ஸ் நகரில் ஒரு கடிகாரக்காரரிடம் தொழில் பயின்றான். வேலை முடிந்த பிறகு பாரிசில் மாலை நேர வகுப்பில் கணிதம் படித்தான். அங்கே பாடம் சொன்ன பாதிரியார் மாரி, பையனின் திறமையைக் கண்டு, பிறகு அரண்மனை வட்டாரத்தில் அறிமுகம் செய்து வைத்தார்.

1775ல் திருமணம். அதே ஆண்டில், சேன் நதியின் நடுவே உள்ள தீவில், கடிகாரக் கரை என்று பெயர் கொண்ட தெருவில் சொந்தக் கடை திறந்தார். ஐந்தே ஆண்டுகளில் மனைவி இறந்துபோனார். கையில் ஒரு சின்ன மகன். பிரெகே மறுமணம் செய்துகொள்ளவில்லை.

சாவி கொடுக்க வேண்டாம்!

அந்தக் காலத்துக் கடிகாரத்துக்கு நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டும். சட்டைப்பையில் இருந்தபடியே, நடக்கும் அசைவில் உள்ளே ஒரு எடை ஆடித் தானாகவே சாவி ஏறும் கடிகாரத்தை 1780ல் பிரெகே செய்தார். இதில் முதலில் முயன்றவர் அவர் அல்லர். நம்பி வாங்கும்படி செய்தவர் அவர்.

மின்விளக்கு இல்லாத காலம் அது. இரவில் ஒரு பொத்தானை அழுத்தினால் மணியடித்து நேரம் சொல்லும் கடிகாரங்கள் இருந்தன. உள்ளே இருந்த குட்டி மணி இடத்தை அடைத்ததால் கடிகாரம் தடித்திருந்தது. மணியை எடுத்துவிட்டு வளைந்த எஃகுக் கம்பியைப் பொருத்தினார் பிரெகே. கடிகாரம் மெலிந்தது. நாதமும் இனிமையாயிற்று.

வீட்டுப் பெட்டியில் அப்பாவின் பழைய எச்.எம்.டி. கடிகாரம் கிடந்தால், அடுத்த முறை பழுது பார்க்கும்போது மூடிக்குள் எட்டிப் பாருங்கள். அங்குமிங்கும் துள்ளி ஆடும் சிறு சக்கரம்தான் பேலன்ஸ் வீல். அதுதான் கடிகாரத்தின் இதயம். அதன் அச்சு முனை ஊசியைவிட மெல்லியது. கீழே விழுந்தால் முதலில் ஒடிவது அதுதான். அந்த அச்சு, ஸ்பிரிங் மேல் தாங்கி நிற்கும்படி 1790ல் ஓர் அமைப்பைச் செய்தார் பிரெகே. இன்று அநேகமாக எல்லாச் சாவிக் கடிகாரங்களிலும் இருக்கும் அதிர்ச்சித் தடுப்புக்கு மூலம் அதுதான். பேலன்சை ஆட்டும் ஹேர் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றை மேலே தூக்கி உள்பக்கம் வளைத்தவரும் அவரே. ஸ்பிரிங் ஒரு பக்கமாகச் சாயாமல் வட்டமாக விரிந்து சுருங்கும். அந்த வளைவுக்கு இன்றும் பிரெகே என்றுதான் பெயர்.

தப்பி ஓட்டம்

1789ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. வாடிக்கையாளர்களோ அரச குடும்பமும் பிரபுக்களும். பிரெகேயின் தலைக்கும் ஆபத்து வந்தது. புரட்சித் தலைவர்களில் ஒருவரான மாரா அவருக்கு நண்பர், அதே நூஷாடெல் பகுதிக்காரர். முன்பு ஒரு நாள் கூட்டத்திடம் சிக்கிய மாராவுக்குக் கிழவி வேடம் போட்டுக் கைகோத்து அழைத்துக்கொண்டு தப்பவைத்தார் பிரெகே என்று சொல்வார்கள். அந்த நன்றிக்காக மாரா அவருக்கு வெளியேறும் அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தாராம். 1793ல் பிரெகே குடும்பத்துடன் சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார்.

1795ல் திரும்பியபோது பட்டறை சீரழிந்து கிடந்தது. பணக்காரர்கள் மாண்டுபோயிருந்தார்கள், அல்லது நாட்டை விட்டே போயிருந்தார்கள். யாருக்கு விற்பது?

அப்போது அவர் கண்ட வழியைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு முள் உள்ள எளிய கடிகாரம். விலையில் கால் பங்கை முன்பணமாகக் கட்டினால் போதும், மீதியைக் கடிகாரம் கைக்கு வரும்போது தரலாம். மணிக்கு மணி உள்ள இடைவெளி ஐந்து ஐந்து நிமிடமாகக் கோடிடப்பட்டிருக்கும். அலங்காரம் இல்லை, ஆனால் உள்ளே இருந்தது பிரெகேயின் தரம். நூற்றுக்கணக்கில் விற்றது.

பெயர் பரவியதும் போலிகள் வந்துவிட்டன. பிரெகே என்று பெயர் பொறித்த மட்டமான கடிகாரங்கள் சந்தையில் குவிந்தன. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் மட்டுமே தெரியும் ஒரு மெல்லிய ரகசியக் கையெழுத்தை முகப்பில் பொறித்து, அசலை அடையாளம் காட்டினார் அவர்.

புவி ஈர்ப்புடன் போட்டி

சட்டைப்பையில் கடிகாரம் நாள் முழுவதும் நின்றபடி இருக்கும். பேலன்ஸ் வீலின் ஒரு பக்கம் அணுவளவு கனத்தாலும், பூமியின் ஈர்ப்பு அதை இழுத்து நேரத்தைக் கெடுக்கும். பேலன்சையும் அதைச் சேர்ந்த பாகங்களையும் ஒரு சிறு கூண்டில் அடைத்து, கூண்டையே நிமிடத்துக்கு ஒரு முறை சுற்ற வைத்தார் பிரெகே. ஒரு பக்கத்தில் கூடும் பிழையை மறுபக்கம் கழித்துவிடும். 1801ல் காப்புரிமை பெற்றார். இதுதான் டூர்பியான்.

இன்று டூர்பியான் உள்ள கைக்கடிகாரம் பெரும்பாலும் கோடீசுவரர்களின் பொருள். கை எப்போதும் திரும்பிக்கொண்டே இருப்பதால் கைக்கடிகாரத்தில் அதற்கு அவ்வளவு அவசியமும் இல்லை. இருந்தும் விலை குறையவில்லை. இமை முடி கனமுள்ள பாகங்களை அறுத்து, விளிம்பு விளிம்பாக மெருகேற்றி, யார் கண்ணிலும் படாத திருகின் தலையைக்கூடப் பளபளப்பாக்கும் கைகள் உலகில் கொஞ்சம்தானே! சாதாரணக் கடிகாரத்தின் பாகங்களை இயந்திரம் அடித்துத் தள்ளிவிடும்.

அந்தக் கைகளின் அருமை பிரெகேக்குத் தெரியும். கூலிக்காகத் தொழிலாளி கொடுக்கும் சீட்டில் தொகை பூஜ்யத்தில் முடிந்தால், அதற்கு ஒரு வால் இழுத்து 9 ஆக்கிவிடுவாராம்.

நெப்போலியன் 1798ல் எகிப்துப் படையெடுப்புக்கு முன் அவரிடம் மூன்று கடிகாரங்கள் வாங்கினார். நெப்போலியனை வென்ற வெலிங்டனும் பிரெகேயின் வாடிக்கையாளர்தான். 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராக நின்ற அதே வெல்லெஸ்லி! நெப்போலியனின் தங்கை கரோலினுக்காக 1812ல் மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் செய்து கொடுத்தார் பிரெகே. அறியப்பட்ட முதல் கைக்கடிகாரங்களில் அது ஒன்று.

1823ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் தேதி, 76 வயதில் பிரெகே காலமானார்.

ராணியின் கடிகாரம்

அவர் பட்டறையில் ஒரு வேலை அப்போதும் முடியாமல் கிடந்தது. ராணி மரி அந்துவானெத்துக்காக, காவற்படை அதிகாரி ஒருவர் 1783ல் கொடுத்த ஆர்டர் அது. அந்தக் காலத்தில் தெரிந்த நுட்பம் எல்லாம் இருக்க வேண்டும், முடிந்த இடமெல்லாம் தங்கம் வேண்டும், செலவுக்கும் காலத்துக்கும் வரம்பு இல்லை என்பது ஏற்பாடு. 1793ல் ராணியின் தலை கில்லட்டினில் விழுந்தது. வேலை நிற்கவில்லை. 1827ல்தான் முடிந்தது. ஆர்டர் கொடுத்து 44 ஆண்டுகள்!

160ஆம் எண் கொண்ட அந்தக் கடிகாரம் பல கை மாறி ஜெருசலேம் அருங்காட்சியகம் ஒன்றுக்கு வந்தது. 1983ல் அங்கிருந்து திருடு போயிற்று. 2007ல், மீண்டும் கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்தது.

பிரெகேயின் எள்ளுப்பேரன் லூயி பிரெகே கடிகாரத்தை விட்டு விமானத்துக்குப் போனார். அவர் தொடங்கிய கம்பெனியின் அலிசே விமானங்கள் நம் விக்ராந்த் கப்பலிலிருந்து பறந்தன. பெங்களூர் எச்.ஏ.எல்.லில் தயாரான ஜாகுவார் போர் விமானத்தை வடிவமைத்ததிலும் அந்தக் கம்பெனிக்குப் பங்கு உண்டு.