பேராசிரியர் மிச்சி ஸ்மித்

ஐப்பசி பிறந்ததும் கொட்டாம்பட்டி வட்டாரத்து உழவர் விடியலில் முதலாவது நோக்குவது வானத்தையே. கீழ்த்திசையினின்று வரும் மழை அவர்தம் கண்மாய்களை நிரப்புதல் வேண்டும். அது பொய்ப்பின் தை மாதத்தில் களமும் வெறுமையாம், குதிரும் வெறுமையாம். ஆதலின் அவர் மேகங்களின் இயல்பை நன்கு அறிவர். மிக உயரத்தே நூல் நூலாய்ப் படரும் கீற்றுமேகம் பனித்துகள்களால் ஆயது, நிலத்தை நனைப்பதன்று. பஞ்சுப் பொதி போன்ற திரள்மேகம் நண்பகலில் எழுந்து மாலையிற் கலைந்துபோதல் உண்டு. படைமேகம் வானமெங்கும் பரந்து மந்தாரம் இடும். பெரும்பாலும் தூறலோடு நின்றுவிடும். கார்ப்படைமேகமோ அடைமழை பொழியும். மலைபோல் உயர்ந்தெழும் கார்த்திரள்மேகம் இடியையும் மின்னலையும் உடன் கொணரும். இவ்வகைப் பாகுபாட்டிற்கு 1802-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் அடிகோலியவர் லூக் ஹோவர்டு என்னும் மருந்து வணிகர்.

வந்த மேகத்திற்குப் பெயரிடுதல் எளிது. வாராத மேகம் ஏன் வாராதாயிற்று, எவ்வாண்டில் வாராது என்று முன்னறிதலோ மிக அரிது. இவ்வரிய வினாவோடு பிணைந்த வாழ்வினர் ஒருவர் நம் நாட்டுக் கிறிஸ்தவக் கலாசாலை ஒன்றின் ஆசிரியராய் விளங்கினார். அவரே சார்லஸ் மிச்சி ஸ்மித்.

இவர் 1854-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்து அபர்டீன் பகுதியைச் சார்ந்த கீக் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் சபைப் போதகர்; தம் மக்களுக்கு வீட்டிலேயே கல்வி புகட்டியவர். வேதாகம ஆராய்ச்சியிற் புகழும், அதன் பொருட்டே தம் சபையாரின் வெறுப்பும் ஒருங்கே பெற்ற வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித் இவருடைய தமையனார். தமையனார் நூல்களில் ஆராய்ந்த உண்மையைத் தம்பியார் இயற்கையில் ஆராய விழைந்தார்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. பருவமழை பொய்த்தது, பல லட்சம் மக்கள் மடிந்தனர். அப்பஞ்சக் காலத்திலேதான் இளைஞராகிய மிச்சி ஸ்மித் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் பௌதிக ஆசிரியராய் வந்து சேர்ந்தார். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழப் பதினோராண்டுகளுக்கு ஒருமுறை மிகுந்து குறைவன. மழையும் அவற்றோடு ஒத்து மிகுந்து குறையுமோ என்ற ஐயம் அந்நாளில் அறிஞரிடையே எழுந்தது. அஃது உண்மையாயின் பஞ்சத்தை முன்னறிந்து தானியம் சேர்த்து வைக்கலாம் அன்றோ? சூரியனை நாள்தோறும் ஆராய வேண்டும் என்னும் கருத்து இவ்வாற்றான் வலுப்பெற்றது.

1883-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சென்னை மக்கள் வியப்பும் அச்சமும் கொள்ளுமாறு கதிரவன் பச்சை நிறமாய்த் தோன்றினான். மிச்சி ஸ்மித் நிறமாலைக் கருவியால் அவ்வொளியைப் பகுத்து நோக்கித் தாம் கண்டவற்றைப் பதிவு செய்தார். அதற்கு முந்திய ஆகஸ்டில் வெடித்த கிரகடோவா எரிமலையின் புழுதியே அத்தோற்றத்திற்குக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

சூரிய ஆராய்ச்சிக்கு மாசற்ற வானம் வேண்டும். ஆதலின் இவர் நீலகிரியிலும் பழனி மலைகளிலும் தங்கிக் காற்றின் தெளிவையும் மேகங்களின் போக்கையும் அளந்தறிந்தார். சமவெளியில் உழவன் மேகம் வருக என்று ஏங்கியிருக்க, அவ்வுழவனுக்காகவே இவர் மேகம் விலகும் இடத்தைத் தேடி மலையேறினார்! 1891-ல் வானநூலறிஞர் போக்சன் காலமாகவே, சென்னை வானாய்வுக்கூடத்தின் பொறுப்பு இவரிடம் வந்தது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் கோடைக்கானல் தெரிந்தெடுக்கப்பட்டு, 1895-ல் கட்டிடவேலை தொடங்கியது. 1899 ஏப்ரல் முதல் வானாய்வுப் பணி அங்கு மாற்றப்பட்டது. சூரிய ஆய்வு 1901-ல் தொடங்கியது. சூரியனை நாள்தோறும் படம் பிடிக்கும் வழக்கம் இவருடைய தலைமையிலேயே வேரூன்றிற்று. இவருக்குத் துணைவராய் 1907-ல் வந்த ஜான் எவர்ஷெட், கரும்புள்ளிகளில் வாயுக்கள் உள்ளிருந்து வெளிநோக்கிப் பாய்தலை 1909-ல் கண்டறிந்தார். அந்நிகழ்ச்சி இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

1911-ல் பணியினின்று ஓய்வு பெற்ற மிச்சி ஸ்மித் தாய்நாடு திரும்பிற்றிலர். தாம் தேர்ந்த கோடைக்கானலிலேயே 1922-ல் உயிர் நீத்தார்.

அவர் எந்நோக்கத்திற்காக மலையேறினாரோ அது நிறைவேறிற்றா? இல்லை என்றே கூறுதல் வேண்டும். கரும்புள்ளிகளைக் கொண்டு எவ்வாண்டில் மழை பொய்க்கும் என்று கூற இயலவில்லை. நம் கார்த்திகை மழையின் மிகுதியும் குறைவும் பசிபிக் கடல், இந்துமாக்கடல் ஆகியவற்றின் வெப்பநிலையோடு பெரிதும் தொடர்புடையன என்று பின்வந்தோர் கண்டனர். இந்நாளில் வானிலை அறிவிப்பைத் தருவன செயற்கைக்கோள்களும், ராடார்களும், கணிப்பொறிகளுமேயாம். எனினும் தமிழ்நாட்டிற்கு அவ்வறிவிப்பை வழங்கும் மண்டல வானிலை மையம், மிச்சி ஸ்மித் பொறுப்பேற்றிருந்த நுங்கம்பாக்கத்துப் பழைய வானாய்வுக்கூட வளாகத்திலேயே நின்று நிலவுகின்றது. கோடைக்கானலிலோ நூறாண்டிற்கு மேற்பட்ட சூரியப் படங்கள் அடுக்கடுக்காய்ச் சேர்ந்துள்ளன. அவர் நினைத்தும் பாராத வினாக்களுக்கு உலகெங்குமுள்ள ஆராய்ச்சியாளர் அவற்றில் விடை தேடுகின்றனர்.

தேடிய விடை கிட்டாதபோதும் அன்றன்று கண்டதை அன்றன்றே பொய்யின்றிப் பதிந்து வைத்தல் ஒருவகை நேர்மை. மழை உறுதியில்லை என்று அறிந்தும் ஆண்டுதோறும் உழுது விதைக்கும் கொட்டாம்பட்டி உழவனிடத்தும் அந்நேர்மை உண்டு. தேர்விலும் பட்டத்திலும் உடனடிப் பயனையே நாடும் நம்மனோர்க்கு இவ்விருவரும் நல்லாசிரியராவர்.