உதயசங்கரின் ஜோடி நடனம்

1923-ம் ஆண்டு. லண்டன் நகரில் ஒரு பெரிய நாடக சாலை. மேடையில் கண்ணனும் ராதையும் ஆடுகிறார்கள். ராதை வேஷம் போட்டவர், உலகப் புகழ் பெற்ற ருஷ்ய நடன ராணி அன்னா பாவ்லோவா. கண்ணனாக ஆடிய இந்திய வாலிபர் யார் தெரியுமா? அதுவரை எந்தக் குருவிடமும் முறையாக நாட்டியம் பயிலாதவர்! அவர்தான் உதயசங்கர்.

உதயசங்கர் 1900-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி உதயப்பூரில் பிறந்தார். வங்காளிக் குடும்பம். தகப்பனார் ஜாலவார் மகாராஜாவிடம் உத்தியோகம் பார்த்தவர். மகன் லண்டனுக்குப் போனது சித்திரம் பழகத்தான். பாவ்லோவாவைச் சந்தித்த பிறகு, தூரிகை கீழே போயிற்று. சலங்கை காலில் ஏறியது.

பாவ்லோவாவின் குழுவோடு அமெரிக்கா போய் வந்தபின், அவர் தனி வழி கண்டார். பாரீசில் சிம்கி என்ற பிரெஞ்சுப் பெண்ணுக்கு நடனம் கற்றுக் கொடுத்தார். உதயசங்கர் சிவன், சிம்கி பார்வதி. இருவரும் ஜோடியாக ஆடினார்கள்.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் நல்ல குடும்பத்து ஆணும் பெண்ணும் மேடை ஏறிக் காதலர்களாக ஆடுவது லேசான காரியமா? உதயசங்கர் அதைச் செய்து காட்டினார். சாமி கதை என்பதால் பெரியவர்களும் முகம் சுளிக்காமல் பார்க்க முடிந்தது.

சேலை கட்டிய சிறுமி

1931-ல் பாரீசில் பெரிய பொருட்காட்சி நடந்தது. அங்கே தகப்பனாருடன் வந்திருந்தாள், அமலா என்ற வங்காளிச் சிறுமி. கவுன் போட்டிருந்த அவளுக்கு உதயசங்கரின் தாயார் சேலை கட்டி அழகு பார்த்தார். சிறுமி நடனக் குழுவில் சேர்ந்து ஐரோப்பாவைச் சுற்றினாள்.

பிற்பாடு இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் உதயசங்கர் ஒரு கலை நிலையம் தொடங்கினார். அங்கே பரதநாட்டியம் சொல்லிக் கொடுத்தவர் நம் கந்தப்ப பிள்ளை. அமலாவும் அங்கே பயின்றார்.

1939-ல் நடனக் குழு சென்னையில் தங்கியிருந்தது. அப்போது ஓர் இரவு, உதயசங்கர் அமலாவிடம் வந்து, அவரைக் கலியாணம் செய்துகொள்ள விரும்புவதைச் சொன்னார். 1942-ல் திருமணம் நடந்தது. மேடை ஜோடி வாழ்க்கை ஜோடி ஆயிற்று.

ஆனால் அல்மோரா நிலையம் நிலைக்கவில்லை. பணமுடை! மூடிவிட்டு, "கல்பனா" என்ற படத்தைச் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்தார். கதாநாயகன் அவரே, அமலாவும் நடித்தார். லலிதாவும் பத்மினியும்கூட அதில் ஆடியிருக்கிறார்கள். 1948-ல் படம் வெளிவந்தது. கையைச் சுட்டுவிட்டது.

மேடையில் பிரியாத ஜோடி, வாழ்க்கையில் பிரிந்தது. கடைசிக் காலத்தில் கணவனும் மனைவியும் தனித்தனியே வாழ்ந்தார்கள். 1977-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி உதயசங்கர் கல்கத்தாவில் காலமானார். அமலாவோ அவர் பெயரில் அமைந்த நடனப் பள்ளியை விடாமல் நடத்திவந்தார்.

2012-ல் பிரான்சில் உள்ள கேன்ஸ் பட விழாவில், புதுப்பிக்கப்பட்ட "கல்பனா" திரையிடப்பட்டது. 93-வது வயதில் அமலா அங்கே போயிருந்தார். திரையில் உதயசங்கரும் அவரும் ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தார்கள்.