வீதியின் தீர்ப்புக்குத் தலைவணங்கிய ஹென்றி ரோய்ஸ்

புகழ்பெற்ற ஒரு படைப்பின் குறைகளைப் பிறர் எடுத்துக்கூறும்போது அதனைச் செய்தவர் சினம் கொள்வது உலக வழக்கம். ஆனால் அக்குறைகளைத் தாமே தேடிச் சென்றவர் ஹென்றி ரோய்ஸ். செல்வந்தர்களின் சின்னமாகிய ரோல்ஸ் ரோய்ஸ் வாகனத்தை உருவாக்கிய அவர் வறுமையில் வளர்ந்தவர் என்பதைப் பலர் அறியார்.

1863 இல் இங்கிலாந்தின் ஆல்வோல்டன் கிராமத்தில், மாவாலை நடத்திய ஒருவரின் மகனாக ரோய்ஸ் பிறந்தார். ஒன்பது வயதில் தந்தையை இழந்து, பத்திரிகை விற்றும் தந்திகளை விநியோகித்தும் பிழைத்தார். ரயில்வே பட்டறையில் கிடைத்த தொழிற்பயிற்சியும் பணமின்மையால் இடைநடுவில் நின்றுபோனது. எனினும் 1884 இல் மன்செஸ்டர் நகரில் சிறியதொரு மின்பொறியியல் நிறுவனத்தை ஆரம்பித்தார்.

பின்னர் அவர் வாங்கிய பிரெஞ்சு மோட்டார் வாகனம் ஒன்று அவருக்குத் திருப்தியளிக்கவில்லை. அதன் குறைகளை ஆராய்ந்து 1904 இல் தாமே ஒரு வாகனத்தைச் செய்தார். அதே ஆண்டில் சாள்ஸ் ரோல்ஸைச் சந்தித்தார். 1906 இல் இருவரின் பெயரையும் தாங்கிய நிறுவனம் உதயமானது.

அந்நிறுவனம் வாகனத்தின் இயந்திரத்தையும் அடிச்சட்டகத்தையும் மாத்திரமே தயாரித்தது. மேற்கூட்டை வேறு தொழிலாளர்கள் அமைத்தனர். எனவே நிறுவனத்தின் மானம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சட்டகத்திலேயே தங்கியிருந்தது. 1907 இல் சில்வர் கோஸ்ட் வாகனம் இரவு பகலாக ஏறத்தாழ 15,000 மைல்கள் ஓட்டப்பட்டது. பின்னர் அது பகுதி பகுதியாகக் கழற்றிப் பரிசோதிக்கப்பட்டபோது, தேய்ந்த பாகங்களை மாற்றுவதற்கு இரண்டு பவுணுக்குச் சற்று அதிகமான தொகையே தேவைப்பட்டது.

எனினும் 1912 இல் அல்ப்ஸ் மலைப் போட்டியில் தனியார் ஒருவர் செலுத்திய சில்வர் கோஸ்ட் செங்குத்தான ஏற்றத்தில் நின்றுவிட்டது. பயணிகள் இறங்கிய பின்னரே அதனால் மேலேற முடிந்தது. நிறுவனம் மலையின் மீது பழி போடவில்லை. மூன்று வேகக் கியர்பெட்டிக்குப் பதிலாக நான்கு வேகக் கியர்பெட்டியைப் பொருத்தி, குளிரூட்டும் அமைப்பையும் திருத்தி, 1913 இல் அதே மலைகளுக்குத் திரும்பிச் சென்று பெருவெற்றி கண்டது.

இதற்கிடையில், உணவையும் உறக்கத்தையும் மறந்து உழைத்த ரோய்ஸின் உடல்நலம் முற்றாகச் சீர்குலைந்தது. 1912 இல் பெரும் சத்திரசிகிச்சைக்கு உள்ளானார். அதன் பின்னர் டேர்பி நகரத் தொழிற்சாலையிலிருந்து விலகி, குளிர்காலத்தைத் தென் பிரான்சிலும் ஏனைய காலத்தை இங்கிலாந்தின் தென்கரையிலும் கழித்தார். வரைபடங்களும் கடிதங்களுமே அவருக்கும் தொழிற்சாலைக்கும் பாலமாக விளங்கின. பரீட்சார்த்த வாகனங்கள் பிரான்சின் நெடுஞ்சாலைகளில் இடையறாது ஓட்டப்பட்டன. உடைந்தது எது, தேய்ந்தது எது என்று கண்டறிந்து, அதற்கேற்பப் பாகங்கள் மீண்டும் வரையப்பட்டன.

1929 இல் வெளிவந்த இரண்டாவது பேன்டம் வாகனத்தில் சட்டகம் தாழ்த்தப்பட்டது. பின்புற ஸ்பிரிங் அமைப்பும் மாற்றப்பட்டது. அத்துடன் அவர் ஓய்ந்துவிடவில்லை. ஐரோப்பாவின் நீண்ட பாதைகளில் விரைந்து செல்வதற்கென, குறுகிய சட்டகமும் கடினமான ஸ்பிரிங்குகளும் கொண்ட கொன்டினென்டல் வகையை உருவாக்கச் செய்தார். அப்போது அவர் அறுபதைக் கடந்த நோயாளி. 1933 ஏப்ரல் 22 ஆம் திகதி காலமாகும் வரை அவரது பணி தொடர்ந்தது.

உடலைப் பேணாத அவரது உழைப்பை எவரும் பின்பற்ற வேண்டியதில்லை. ஆயினும் அவரிடமிருந்து கற்க வேண்டியது ஒன்றுண்டு. உற்பத்தியாளரின் விளம்பரத்தையும் வாங்குபவரின் அந்தஸ்தையும் வீதி அறியாது. பாரம் தாங்குகிறதா, தாங்கவில்லையா என்பதை மாத்திரமே அது சொல்லும். புகழின் உச்சியிலும் அத்தீர்ப்புக்குச் செவிசாய்த்தமையே ரோய்ஸின் பெருமையாகும்.